ஒட்டினா விடாத மருந்து... அதை நானோ உருண்டையில் அடைத்தால் என்ன ஆகும்?

வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்க. தாத்தா தினமும் போடும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின், அம்மா காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை, தொண்டை வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த அமாக்சிசிலினில் மிச்சம் ரெண்டு... (ஆன்டிபயாடிக்கை மிச்சம் வைக்கக் கூடாது, அது தனிப் பஞ்சாயத்து!) ஒண்ணு ரத்தத்துக்கு, ஒண்ணு வயித்துக்கு, ஒண்ணு கிருமிக்கு. சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும் இந்த மூன்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. உடலுக்குள் போய் எதைப் பிடிக்க வேண்டுமோ அதைப் பிடித்தால், விடவே விடாது.

இந்த வகை மருந்துகளுக்கு `கோவேலன்ட் மருந்துகள்' என்று பெயர். தமிழில் சொன்னால், சகப்பிணைப்பு மருந்துகள். புற்றுநோய் சிகிச்சையில் இப்போது அதிகம் பேசப்படுபவை இவைதான். இவற்றைப் பாலிமரால் ஆன நானோ துகள்களுக்குள் அடைத்து, நோய் இருக்கும் இடத்துக்கே அனுப்ப முடியுமா என்பது ஆய்வுக்கூடங்களில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி. `இது நமக்கெதுக்கு?' என்று ஸ்வைப் பண்ணிடாதீங்க. உங்கள் வீட்டு மாத்திரைகளை எப்படிப் போடணும், எதை உடைக்கக் கூடாது, `நானோ' என்று எழுதியிருந்தால் எவ்வளவு நம்பலாம் என்பதெல்லாம் இதே கதையில்தான் இருக்கு.

காந்தமா, ஃபெவிக்விக்கா?

மருந்து எப்படி வேலை செய்கிறது? நம் உடலில் ஆயிரக்கணக்கான புரதங்கள் ஆளுக்கொரு வேலை பார்க்கின்றன. அதில் ஒன்று தேவையில்லாமல் ஆட்டம் போட்டால், அதன் மேல் போய் உட்கார்ந்து அடக்குவதுதான் பெரும்பாலான மருந்துகளின் வேலை.

சாதாரண மருந்துகள் இதை ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் மாதிரி செய்கின்றன. ஒட்டும், கழன்றுவரும், மறுபடி ஒட்டும். ரத்தத்தில் மருந்தின் அளவு குறையக் குறைய, புரதம் விடுபட்டு பழைய வேலையை ஆரம்பித்துவிடும். அதனால்தான் `எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு' என்று எழுதித் தருகிறார்கள்.

கோவேலன்ட் மருந்து ஃபெவிக்விக் மாதிரி. பிளஸ் டூ வேதியியலில் படித்த சகப்பிணைப்பு ஞாபகம் இருக்கா? இரண்டு அணுக்கள் எலெக்ட்ரான்களைப் பங்குபோட்டுக்கொண்டு கெட்டியாகச் சேரும் பிணைப்பு. மருந்து அந்தப் பிணைப்பைப் புரதத்தோடு போட்டுவிடுகிறது. பல மருந்துகளில் இது மீளவே முடியாத பிணைப்பு. அதன்பிறகு அந்தப் புரதத்தின் கதை முடிந்தது. செல் புதிதாக ஒரு புரதத்தைச் செய்தால்தான் மறுபடி வேலை நடக்கும்.

ஆஸ்பிரினையே எடுத்துக்குங்க. 1897-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட மருந்து, 1899-ல் விற்பனைக்கு வந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதன் முதல் துப்பு 1971-ல் ஜான் வேன் செய்த ஆய்வில்தான் கிடைத்தது. அதற்கு 1982-ல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆஸ்பிரின் தன் உடம்பிலிருந்து ஒரு சின்னத் துண்டைப் பிய்த்து, `காக்ஸ்-1' என்ற நொதியின் மேல் நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது. ரத்தத் தட்டணுக்களுக்கு உட்கரு கிடையாது. அதனால் முடங்கிப்போன நொதிக்குப் பதிலாகப் புதுசு செய்துகொள்ள அவற்றால் முடியாது. அந்தத் தட்டணு இருக்கும் 7 முதல் 10 நாள் வரை முடக்கம் தொடரும்.

இதில் ஆச்சர்யம், ரத்தத்தில் ஆஸ்பிரின் இருப்பதே கொஞ்ச நேரம்தான். 15 முதல் 20 நிமிடத்தில் பாதி காலி. மருந்து போய்விடும், வேலை மட்டும் நிற்கும். இந்த ஒரு வரியை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

டெங்கு காய்ச்சல் சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின் போடக் கூடாது என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். ஏற்கெனவே தட்டணுக்கள் குறைந்துகொண்டிருக்கும் நேரத்தில், மிச்சம் இருப்பதையும் நாள்கணக்கில் முடக்கிவிட்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

நல்ல பசைதான்... தப்பான இடத்தில் ஒட்டினால்?

இவ்வளவு நல்ல விஷயம் என்றால் எல்லா மருந்தையும் இப்படியே செய்திருக்கலாமே? செய்யவில்லை. பயம்தான் காரணம்.

அந்தப் பயத்துக்கு நல்ல உதாரணம் பாராசிட்டமால். சரியான அளவில் அது பாதுகாப்பான மாத்திரை. கல்லீரல் அதைக் கழிக்கும்போது ஒரு சிறு பகுதி, எதன் மேலும் ஒட்டத் துடிக்கும் ஒரு பொருளாக மாறுகிறது. கல்லீரலில் இருக்கும் `குளூட்டாதயோன்' என்ற காவலாளி அதை உடனே பிடித்து அப்புறப்படுத்திவிடும். அளவுக்கு மீறி மாத்திரை போட்டால் காவலாளியின் கையிருப்பு தீர்ந்துபோகும். அப்புறம் அந்தப் பசை, கல்லீரல் செல்களின் புரதங்கள் மேலேயே ஒட்டி அவற்றைச் சாகடிக்கும்.

1970-களில் இது தெரியவந்தபோது மருந்து நிறுவனங்கள் உஷாராகிவிட்டன. `ஒட்டுகிற குணம் இருந்தால் அந்த மூலக்கூறே வேண்டாம்' என்று ஒதுக்கும் பழக்கம் பல வருடங்கள் நீடித்தது. அந்தக் காலத்திலும் சில ஒட்டும் மருந்துகள் வந்து சக்கைப்போடு போட்டன. உதாரணம், 1988-ல் சந்தைக்கு வந்த ஒமெப்ரசோல். இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்ப்பில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து அது. ஆனால் அது ஒட்டும் மருந்து என்று தெரிந்தே வடிவமைக்கப்பட்டதில்லை. வேலை செய்யும் விதம் பிறகுதான் புரிந்தது.

திட்டம்போட்டு ஒட்டவைத்த காலம் 2010-களில் வந்தது. மருந்தின் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட புரதத்துக்கு மட்டும் பொருந்தும் சாவி மாதிரி செய்தார்கள். சாவியின் முனையில் மிதமான பசையைத் தடவினார்கள். சாவி பொருந்தி உட்கார்ந்தால்தான் பசை பக்கத்தில் வரும். ரத்தப் புற்றுநோய் வகைகளுக்கான இப்ருடினிப் 2013-லும், நுரையீரல் புற்றுநோய்க்கான ஒசிமெர்டினிப் 2015-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

பெரிய ஹிட், `கே-ராஸ்' என்ற புரதத்தின் கதை. பல புற்றுநோய்களின் பின்னால் இருக்கும் வில்லன் என்று 1980-களிலேயே தெரியும். ஆனால், பிடித்து நிறுத்த அதில் சரியான பிடிமானமே இல்லை. `மருந்தே செய்ய முடியாத புரதம்' என்று கைகழுவியிருந்தார்கள். அதன் ஒரு வகையில், 12-வது இடத்தில் இருக்க வேண்டிய கிளைசினுக்குப் பதில் சிஸ்டீன் வந்து உட்கார்ந்திருக்கும். சிஸ்டீன் என்றால் பசைக்கு ரொம்பப் பிடித்த இடம்! ஆரோக்கியமான செல்களின் கே-ராஸில் அந்த இடத்தில் சிஸ்டீன் கிடையாது. 2013-ல் கெவன் ஷோகட் குழு இந்த வழியைக் காட்டியது. 2021-ல் சோடோராசிப் என்ற மாத்திரை வந்தது. புற்றுநோயை உருவாக்கிய பிழையையே அதைப் பிடிக்கும் கொக்கியாக மாற்றிவிட்டார்கள்.

இன்னும் என்ன பிரச்னை?

இரண்டு பிரச்னை. முதலாவது, வழியில் செலவாகிவிடுவது. இரண்டாவது, பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துப் பிடிப்பது.

கார்ஃபில்சோமிப் என்ற மருந்தில் இந்த இரண்டையும் பார்க்கலாம். `மல்டிபிள் மைலோமா' என்ற எலும்புமஜ்ஜைப் புற்றுநோய்க்காக 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் `புரோட்டியாசோம்' என்று ஒரு குப்பை அரைக்கும் மெஷின் இருக்கு. பழுதான, தேவை முடிந்த புரதங்களை அரைத்துத் தள்ளுவது அதன் வேலை. மைலோமா செல்கள் இரவு பகலாக ஆன்டிபாடி புரதங்களை உற்பத்தி செய்துகொண்டே இருப்பவை. அதனால் குப்பையும் அதிகம். கார்ஃபில்சோமிப் போய் அந்த மெஷினில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டால், குப்பை தேங்கி செல் மூச்சுத்திணறிச் செத்துப்போகும்.

ஐடியா சூப்பர். ஆனால், நரம்பில் ஏற்றிய இந்த மருந்தை உடலில் இருக்கும் நொதிகள் வேகமாக உடைத்துவிடுகின்றன. ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு பாதிக்கும் கீழே போய்விடும். அதற்குள் ஒட்டியது ஒட்டியதுதான். மெஷின் முடங்கிய நிலை 48 மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கிறது. ரத்தத்திலும் எலும்புமஜ்ஜையிலும் இருக்கும் செல்களை அது எளிதாகத் தொட்டுவிடுகிறது. கட்டியாக இறுகியிருக்கும் புற்றுநோய்களில் அவ்வளவு சாதிக்க முடியவில்லை. உள்ளே போய்ச் சேர்வதற்குள் மருந்து உடைந்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இன்னொரு பக்கம், குப்பை மெஷின் எல்லா செல்களிலும் இருக்கே! இதயத் தசையிலும்கூட. கார்ஃபில்சோமிப் எடுப்பவர்களில் சிலருக்கு இதயச் செயலிழப்பு வரலாம் என்ற எச்சரிக்கை மருந்துக் குறிப்பிலேயே உண்டு. இப்ருடினிப்பும் அப்படித்தான். அது தன் இலக்கைத் தவிர, அதே ஜாடையில் இருக்கும் வேறு சில புரதங்களையும் பிடிக்கும். சிலருக்கு ரத்தக்கசிவு, இதயத் துடிப்பு தாறுமாறாவது போன்ற சிக்கல்கள் வருகின்றன. காந்தம் தப்பான இடத்தில் ஒட்டினால் கழன்றுவிடும். ஃபெவிக்விக் விரலில் ஒட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கேதான் டெலிவரி பாய் தேவைப்படுகிறார்.

பாலிமர் டெலிவரி பாய்

பாலிமர் என்றதும் பிளாஸ்டிக் பை ஞாபகம் வருதா? இது வேற. ஒரே மாதிரியான சின்ன மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் அது பாலிமர். உடலுக்குள் தானாகக் கரைந்துபோகும் பாலிமர்கள் நிறைய இருக்கின்றன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிரிக்கத் தேவையில்லாத தையல் போடுகிறார்களே, அந்த நூல்களில் பல இந்த வகைதான். `பி.எல்.ஜி.ஏ' என்ற பாலிமர் இதில் ரொம்பப் பிரபலம். தண்ணீர் பட்டு மெல்ல மெல்ல உடைந்து லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமுமாக மாறும். ஓடி முடித்ததும் நம் தசையில் சேர்கிறதே, அதே லாக்டிக் அமிலம்தான். உடல் அதைச் சுலபமாகக் கையாண்டுவிடும். ஒரு ஊசி போட்டால் மாதக்கணக்கில் மருந்து கசிந்துகொண்டே இருக்கும் சில ஹார்மோன் ஊசிகளில் 1980-களிலிருந்தே இது பயன்படுகிறது.

இதே பாலிமரைச் சுமார் 100 நானோமீட்டர் உருண்டையாகச் செய்தால் அது பாலிமர் நானோ துகள். ஒரு தலைமுடியின் குறுக்கே இப்படிப்பட்ட உருண்டைகளை வரிசையாக வைத்தால் கிட்டத்தட்ட ஆயிரம் வைக்கலாம். அந்த உருண்டைக்குள் மருந்தை அடைப்பார்கள். வெளியே `பெக்' என்ற இன்னொரு பாலிமரைப் புல்தரை மாதிரி நட்டுவைப்பார்கள். நோய் எதிர்ப்பு செல்கள் உடனே அடையாளம் கண்டு விழுங்கிவிடாமல் இருக்க அது ஒரு மாறுவேஷம். 1994-ல் ராபர்ட் லேங்கரின் குழு இந்த மாறுவேஷத்தைச் செய்துகாட்டியது.

கட்டியை எப்படிக் கண்டுபிடிக்கும்? வேகமாக வளரும் கட்டிகள் அவசர அவசரமாக ரத்தக் குழாய்களைப் போட்டுக்கொள்ளும். காண்ட்ராக்டர் அவசரத்தில் போட்ட பைப் மாதிரி, ஆங்காங்கே ஓட்டை இருக்கும். அந்த வழியாக நானோ துகள்கள் கட்டிக்குள் கசிந்து அங்கேயே தங்கும். இதை 1986-ல் ஜப்பானின் மட்சுமுராவும் மாயிதாவும் விளக்கினார்கள். துகளின் மேல், புற்றுநோய் செல்லை அடையாளம் காணும் மூலக்கூறை ஒட்டி அனுப்பும் முறையும் உண்டு.

பொருத்தம் எப்படி இருக்கு?

மாப்பிள்ளை - பொண்ணு ஜாதகம் பார்ப்பது போல இந்த ஜோடியைப் பார்த்தால், சில பொருத்தங்கள் பிரமாதம்.

முதல் பொருத்தம், பாதுகாப்பு. ஒட்டத் துடிக்கும் மருந்தை உறைக்குள் வைத்துவிட்டால், வழியில் நொதிகளும் குளூட்டாதயோனும் அதைத் தொட முடியாது. 2015-ல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்ஃபில்சோமிப்பைப் பாலிமர் மைசெல்களுக்குள் வைத்து மைலோமா, நுரையீரல் புற்றுநோய் செல்களில் சோதித்தார்கள். உறைக்குள் இருந்த மருந்து சிதைவது குறைந்தது.

இரண்டாவது, நேரம். ஆஸ்பிரினில் பார்த்தோமே, `மருந்து போய்விடும், வேலை மட்டும் நிற்கும்'. நானோ துகள் கட்டிக்குள் போய் மருந்தைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டாலே போதும். ஒட்ட வேண்டியது ஒட்டிக்கொள்ளும். சாதாரண மருந்து என்றால் அந்த இடத்தில் அதன் அளவை விடாமல் தக்கவைக்க வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் குறைவு.

மூன்றாவது, பக்கத்து வீட்டுக்காரர் தப்பிப்பது. மருந்து உறைக்குள் இருக்கும் வரை இதயத்தையோ தோலையோ அதனால் தொட முடியாது.

நான்காவது, கரைசல். இந்த மருந்துகளில் பல தண்ணீரில் சரியாகக் கரையாதவை. பாலிமரின் எண்ணெய்த்தன்மை உள்ள உட்பகுதி அவற்றுக்கு வசதியான வீடு.

`ஆனா...' - இதையும் கேட்டுட்டுப் போங்க

இவ்வளவு பொருத்தம் இருந்தும் கல்யாணம் ஏன் தள்ளிப்போகிறது?

கல்லீரலும் மண்ணீரலும் நம் ரத்தத்தின் வடிகட்டிகள். மாறுவேஷம் போட்டாலும் நானோ துகள்களில் பெரும்பகுதியை அவை பிடித்துவிடும். 2016-ல் டொரன்டோ ஆய்வாளர்கள், அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் விலங்குகளில் நடந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். செலுத்திய துகள்களில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது, இடைநிலை அளவாக 0.7 சதவிகிதம்! 1000 பார்சல் அனுப்பினால் 7 தான் சரியான வீட்டுக்குப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போனால், பாராசிட்டமால் கதை ஞாபகம் வரணும். ஒட்டும் மருந்து கல்லீரலில் போய்த் திறந்தால் அது புதுப் பிரச்னை.

எலிகளின் கட்டி வாரக்கணக்கில் மளமளவென்று வளர்வது. அதன் ரத்தக் குழாய் ஓட்டைகள் அதிகம். மனிதக் கட்டி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்வது. ஆளுக்கு ஆள், ஒரே ஆளின் கட்டிக்குக் கட்டிகூட ஓட்டைகள் மாறும். எலியில் ஜெயித்தது மனிதரில் தோற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உள்ளே வைக்கும்போதும் சிக்கல் உண்டு. ஒட்டத் துடிக்கும் மருந்து உறையின் மேலேயே ஒட்டிக்கொண்டால்? அதனால் பாலிமரின் முனையில் பசைக்குப் பிடித்த பகுதிகள் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உறை சீக்கிரம் கசிந்தால் அதைப் போட்டே பிரயோஜனம் இல்லை. கசியவே இல்லை என்றாலும் பிரயோஜனம் இல்லை!

இலக்குப் புரதத்தைச் செல் எவ்வளவு வேகமாகப் புதிதாகச் செய்கிறது என்பதும் கணக்கில் வரும். வேகமாகச் செய்தால் மருந்தும் அடிக்கடி போக வேண்டும். சில சமயம் புற்றுநோய் செல், பசை ஒட்டும் அந்த ஒரு சிஸ்டீனையே மாற்றிவிட்டுத் தப்பித்துவிடும். இப்ருடினிப்புக்கு இப்படி நடப்பது நன்றாகத் தெரிந்த விஷயம். டெலிவரி பாய் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கதவின் பூட்டையே மாற்றிவிட்டால் என்ன செய்வார்?

பாலிமர் உறையே நடக்காத காரியம் என்று நினைக்க வேண்டாம். பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தைப் பாலிமர் மைசெல்லில் வைத்த தயாரிப்பு 2007-லேயே தென் கொரியாவில் அனுமதி பெற்றது. ஆனால் பாக்லிடாக்சல் ஒட்டும் மருந்து இல்லை. அதே நேரம், பாலிமர் நானோ துகள்களை நம்பி ஆரம்பித்த அமெரிக்காவின் பைண்ட் தெரபியூட்டிக்ஸ் நிறுவனம் 2016-ல் திவாலானது. ஒட்டும் மருந்தும் பாலிமர் நானோ துகளும் சேர்ந்த ஜோடி, இப்போதைக்குப் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிலும்தான் வாழ்கிறது.

வீட்டுக்கு எடுத்துட்டுப்போக...

ஒட்டும் மருந்துக்குப் பாலிமர் உறை போடுவது உங்கள் வீட்டுக்குப் புதுசு இல்லை. ஒமெப்ரசோல் கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் குட்டிக் குட்டி உருண்டைகளின் மேல் பாலிமர் பூச்சுதான் இருக்கு. நானோ இல்லை, கண்ணுக்கே தெரியும் சைஸ். இரைப்பை அமிலத்தில் அழியாமல் மருந்தைக் குடல் வரை கூட்டிப்போவது அந்தப் பூச்சுதான். அங்கிருந்து ரத்தம் வழியாகச் சுற்றிவந்து, அமிலம் சுரக்கும் செல்லுக்குள் போன பிறகுதான் மருந்து `ஆன்' ஆகிறது. அதனால் இவற்றைக் கவனத்தில் வையுங்க:

* ஒமெப்ரசோல் உருண்டைகளை நசுக்கவோ, கடிக்கவோ கூடாது. பூச்சு உள்ள பான்டோப்ரசோல் மாத்திரையையும் உடைக்கக் கூடாது. உடைத்தால் மருந்து இரைப்பையிலேயே வீணாகும்.

* இந்த மாத்திரைகளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடச் சொல்வது சும்மா இல்லை. சாப்பிடும்போதுதான் அமில பம்ப்கள் வேலையில் இறங்கும். வேலை செய்யும் பம்ப்பில்தான் இந்த மருந்து நன்றாக ஒட்டும்.

* இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுக்கும் தாத்தா, பாட்டிக்கு மூட்டுவலி என்று நீங்களாக இபுபுரூஃபன் வாங்கித் தராதீங்க. அது முன்னாடியே போய் ஆஸ்பிரின் ஒட்ட வேண்டிய இடத்தை மறைத்து நின்றுவிடலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தாங்க.

* பல் பிடுங்கப்போனாலும் சரி, ஆபரேஷன் என்றாலும் சரி, ஆஸ்பிரின் எடுப்பதைக் கட்டாயம் சொல்லணும். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

* பாராசிட்டமாலில் `ஒண்ணுக்கு ரெண்டா போட்டா சீக்கிரம் சரியாகும்' என்ற கணக்கு வேண்டாம். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அட்டையைப் படிச்சுப் பாருங்க. அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், வலி, வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகணும். நேரத்தோடு போனால் மாற்று மருந்து உண்டு.

* ஆன்லைனில் `நானோ' என்று போட்டு விற்கும் பொடி, டானிக் எதுவாக இருந்தாலும் மூணு கேள்வி கேளுங்க. உள்ளே என்ன மருந்து? எந்த உறுப்புக்குப் போகுது? மனிதர்களிடம் சோதித்தார்களா? மூன்றில் ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால், அது விளம்பரம்.

அடுத்தமுறை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் `புற்றுநோயை ஒரே ஊசியில் அழிக்கும் நானோ மருந்து' என்று ஃபார்வர்டு வந்தால், உடனே சந்தோஷப்படவும் வேண்டாம், `எல்லாம் பொய்' என்று தள்ளவும் வேண்டாம். செல்லில் சோதித்தார்களா, எலியிலா, மனிதரிலா என்று மட்டும் தேடிப்பாருங்க. சித்தப்பாவுக்கோ பக்கத்து வீட்டு அக்காவுக்கோ சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் நேரத்தில், அந்த ஃபார்வர்டை நம்பி யாரும் கையில் இருக்கும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. குரூப்பில் அதைச் சொல்லும் முதல் ஆள் நீங்களாக இருங்க.